முள் தைத்த கால்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு முள் தைப்பது அன்றாடம். செருப்பையே துளைத்துக்கொண்டு ஏறும். தைத்ததும் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். ‘ஆத்தாடி’ பிறகுதான் வரும். முதலில் சுருக்கென்று ஒரு வலி, ஒரு நொடி கழித்து விண்விண்ணென்று இன்னொரு வலி. எல்லாம் நரம்பு செல்லின் வேலை.

பாதத்தில் முள்ளை உணரும் செல்லின் உடல் பாதத்தில் இல்லை. கீழ்முதுகில், முதுகெலும்பை ஒட்டிய ஒரு முடிச்சுக்குள் இருக்கிறது. அந்த உடலின் அகலம் மிஞ்சிப்போனால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதிலிருந்து பாதம்வரை நீளும் இழை, அதாவது ஆக்ஸான், ஏறக்குறைய ஒரு மீட்டர்! பாடப்புத்தகத்தில் கிளைகிளையாக வரைந்திருப்பது வேறு வகை: தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் இயக்க செல். அந்தக் கிளைகள் டென்ட்ரைட்டுகள். மற்ற செல்கள் அனுப்பும் சேதியை வாங்குபவை.

ஓய்வில் இருக்கும்போது செல்லின் உட்புறம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். முள் குத்தியதும் சவ்விலுள்ள வாசல்கள் திறந்து சோடியம் உள்ளே பாயும். அடுத்துப் பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலையை மீட்கும். காய்ந்த புல்லில் தீ ஓடுவதுபோல, ஒவ்வொரு இடமும் பக்கத்து இடத்தைத் தூண்டிவிட்டபடி இந்த மாற்றம் மேலேறும். மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய இழையில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம், அதுதான் சுருக். உறையில்லாத மெல்லிய இழையில் ஒரு மீட்டர் போவதற்கே ஒரு நொடி ஆகலாம், அது விண்விண். காலைத் தூக்கும் முடிவு தண்டுவடத்திலேயே ஆகிவிடும். மூளைக்குத் தகவல் பிந்தித்தான் போகும்.

இயக்க செல்லின் இழை தசையைத் தொடுவதில்லை. நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. அதை அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள்தான் தாண்டுகிறது. தாண்டினால்தான் தசை சுருங்கும்.

கட்டுவிரியன் கை வைப்பது இந்த இடத்தில். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும்; பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விஷம் இழையின் நுனியையே சிதைத்துவிடும். முதலில் இமை சரியும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சுவிடும் தசைகள் நின்றுபோகும். விடியற்காலையில் காரணமில்லாமல் ஒருவருக்கு இமை தூக்க முடியவில்லை என்றால், கட்டுப் போட்டுக்கொண்டும் கீறிக்கொண்டும் நேரத்தை வீணாக்காமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் இருக்கும் விஷத்தைத்தான் அடக்கும். சிதைந்த நுனியை ஒட்டவைக்காது. அது மறுபடி முளைக்க நாட்கள், சிலருக்கு வாரங்கள் பிடிக்கும். அதுவரை மூச்சை வென்டிலேட்டர் பார்த்துக்கொள்ளும்.