லெஸ் பாலா, எஸ்ஜியா? ரெண்டு கறுப்பு கிப்சன் கிட்டார்களில் எதை வாங்கலாம்?

ரெண்டும் கறுப்பு. ரெண்டும் கிப்சன். ஸ்டாண்டர்ட் மாடல் என்றால் ரெண்டிலும் 2 ஹம்பக்கர் பிக்கப், 22 ஃப்ரெட், 24.75 இன்ச் ஸ்கேல். அப்போ எதை எடுத்தாலும் ஒண்ணுதானா? இல்லை.

வித்தியாசம் என்ன?

1952-ல் வந்த லெஸ் பால், தடிமனான மஹோகனி உடலின் மேல் மேப்பிள் பலகை ஒட்டியது. வெயிட் 4 கிலோவைத் தாண்டுவது சகஜம். அதற்கு மாற்றாக 1961-ல் வந்ததுதான் எஸ்ஜி. மெல்லிய மஹோகனி உடல், சுமார் 3 கிலோ. கழுத்தின் இருபுறமும் வெட்டு இருப்பதால் கடைசி ஃப்ரெட் வரை விரல் ஈஸியாகப் போகும்.

சவுண்டு?

வெயிட் அதிகம் என்பதால் சவுண்டும் கனமாக இருக்கும் என்பதில்லை. 'பிளாக் சப்பாத்' டோனி ஐயோமி ஹெவி மெட்டலுக்கு அடித்தளம் போட்டது எஸ்ஜியில்தான்.

எப்படி முடிவு செய்வது?

கடையில் உட்கார்ந்து மட்டும் வாசிக்காதீங்க. ஸ்ட்ராப் மாட்டி 15 நிமிடம் நின்று வாசிங்க. தோள் வலித்தால் லெஸ் பால் வேண்டாம். எஸ்ஜியில் கழுத்துப் பக்கம் கீழே சாயலாம். அகலமான லெதர் ஸ்ட்ராப் போட்டும் இடது கைதான் அதைத் தாங்குகிறது என்றால் எஸ்ஜி வேண்டாம்.

செகண்ட் ஹேண்டா? கவனம்!

கீழே விழுந்தால் ரெண்டுக்குமே தலைப்பகுதி உடையும் வாய்ப்பு அதிகம். ஒட்டிய தடத்தைக் கறுப்பு பெயின்ட் சுலபமாக மறைத்துவிடும். நட்டுக்குப் பின்புறம் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்க.