சான்றிதழுக்குத் தெரியாத புகை

புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையத்தில் நிற்கும் ஒரு டீசல் லாரியிடம் நடப்பில் உள்ள புகைச் சான்றிதழ் இருக்கலாம். அதை வைத்து, ஓட்டுநருக்கு ஆபத்தில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அந்தப் பரிசோதனை, நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சைலன்சர் குழாயின் முனையில் வரும் புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. எஞ்சினுக்கும் அந்த முனைக்கும் நடுவே கேஸ்கெட் எரிந்தோ குழாய் விரிசல் விட்டோ கசியும் புகை அந்தக் கருவிக்குப் போவதே இல்லை, கேபினுக்குள் நுழைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இரவில் எஞ்சினை ஓடவிட்டுக் கேபினில் படுப்பவருக்குக் கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் உண்டு. தலைவலி, குமட்டல், அளவு மீறிய தூக்கம் வந்தால் அசதி என்று விட்டுவிடாமல் எஞ்சினை நிறுத்தி உடனே வெளியே வர வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேனிஃபோல்டு பக்கம் டிக்டிக்கென்று கேட்டு, சூடேறியதும் அது அடங்கினால் கேஸ்கெட்டையும் போல்ட்டுகளையும் சந்தேகிக்கலாம். இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் கசிவு அநேகமாக அங்கேதான். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் கூடுதலாக இறங்குகிறது: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இன்ஜெக்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். பாரம் ஏற்றினால் எந்த லாரியும் புகைவிடும் என்பார்கள். கியர் மாற்றும்போது தோன்றி மறையும் புகைக்கு அது பொருந்தும். வழி நெடுகத் தொடரும் புகைக்குப் பொருந்தாது. யூரியாக் கரைசல் ஊற்றிப் புகையைச் சுத்திகரிக்கும் அமைப்புள்ள பி.எஸ்.6 லாரிகளில், அதில் கோளாறு வந்து இழுவை குறைந்தால் வாடகை போகிறது என்ற கோபம் நியாயமானதே. அதற்காக அந்த அமைப்பை முடக்கிவிட்டால், அனுமதியில்லாத மாற்றத்துக்காக உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறையோ ரூ.5,000 அபராதமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமுண்டு.

வண்டி முதலாளியுடையது, நமக்கென்ன என்று கூலிக்கு ஓட்டுபவர் இருந்துவிட முடியாது. அதே சட்டத்தின் 190(2) பிரிவு, மாசு விதியை மீறிய வண்டியை ஓட்டுபவரையும் ஓட்டவிடுபவரையும் சேர்த்தே பிடிக்கிறது: முதல் முறைக்கே ரூ.10,000 வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, 3 மாதத்துக்கு உரிமம் பறிப்பு. உரிமம் போனால் பிழைப்பே போயிற்று. எனவே கோளாறை முதலாளியிடம் எழுத்தில், குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது தெரிவித்துவிட வேண்டும். சொந்த லாரியைத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. லாரி வணிகப் பொருள், நுகர்வோர் சட்டம் செல்லாது என்று சொல்லி விற்பனையாளர் அவரைத் திருப்பியனுப்ப முடியாது. சுயதொழிலாகப் பிழைக்க மட்டுமே வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் தொடர்பான வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் லாரியையே எடுத்துக்காட்டாக வைத்து இதை விளக்கியது. பழுது திரும்பத் திரும்ப வந்தால் ஜாப் கார்டையும் பில்லையும் பத்திரப்படுத்தி 1915 என்ற எண்ணில் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம்.