ஒரு கதவுக்காக மதிலை இடிப்பதா?

"சர்வர் கனெக்ட் ஆகலை சார்!" ஆம்பூர் ஷூ கம்பெனியோ, வேலூர் ஆடிட்டர் ஆபீஸோ, இந்தக் குரல் எழுந்ததும் பின்னாலேயே இன்னொரு குரல் வரும்: "ஃபயர்வாலை ஆஃப் பண்ணுப்பா!" நான் வெறும் பி.காம். ஆசாமி. எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு சர்வருக்கு 0 முதல் 65,535 வரை நம்பர் போட்ட வாசல்கள் உண்டு. பெயர் 'போர்ட்'. வழக்கமாக ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, ஃபைல் ஷேரிங்குக்கு 445.

2017 மே மாதம் 'வானாக்ரை' வைரஸ் இந்த 445 வழியாகத்தான் புகுந்து 150 நாடுகளுக்கு மேல் கலக்கியது. வேலூருக்குப் பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தில் போலீஸ் கம்ப்யூட்டர்களே மாட்டின! இத்தனைக்கும் மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் மருந்து கொடுத்துவிட்டது. போட்டுக்கொள்ளத்தான் பலருக்கு நேரமில்லை.

சரி, வைத்தியம் என்ன? சர்வரில் 'netstat -an' கட்டளை கொடுங்கள். உங்கள் போர்ட் எதிரே 'லிசனிங்' என்று வரவில்லையா? சாஃப்ட்வேரே அந்த போர்ட்டில் காத்திருக்கவில்லை, ஃபயர்வால் நிரபராதி. லிசனிங் இருந்தும் மற்ற கம்ப்யூட்டர்கள் நுழைய முடியவில்லையா? அந்த ஒரு போர்ட்டை மட்டும், உங்கள் ஆபீஸ் ஐ.பி. நம்பர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

எக்ஸ்போர்ட் பில் மட்டுமா, உங்கள் சம்பளப் பட்டியலும் அதே சர்வருக்குள்தானே இருக்கிறது, பிரதர்!