எச்சரிக்கை வண்டி காலனிக்குள் திரும்புமா?

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். தென்பெண்ணை விழுப்புரத்தையும் கடலூரையும் சேர்த்துப் புரட்டிப் போட்டது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார்கள் கரையோர மக்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அலுவலகம் விட்டு அலுவலகம் போன செய்தி, வீட்டு வாசலுக்கு வராமலே நின்றுபோவது உண்டு.

விருத்தாசலத்துக்கும் இதே கவலைதான். நம் மணிமுக்தாற்றின் அணை கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. மதகைத் திறப்பது நீர்வளத் துறை, மக்களை வெளியேறச் சொல்வது வருவாய்த் துறை, மின்சாரத்தை நிறுத்துவது மின்வாரியம். இவர்களை ஒருங்கிணைக்கத்தான் 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் ஓர் ஆணையத்தை அமைத்தது. ஆட்சியர் தலைவர், உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத் தலைவர். அதே சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி பாகுபாடு கூடாது என்கிறது. மாணவர்கள் படித்துப் பாருங்கள், ஒரே வாக்கியம்தான்.

அந்தப் பிரிவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 2004 சுனாமியே சாட்சி. படகும் வலையும் இழந்தவர்கள் கணக்கில் ஏறினார்கள். கடற்கரையில் கூலிவேலை செய்து பிழைத்த தலித் குடும்பங்கள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றன. துறைகள் ஒன்றாகத்தான் வேலை செய்தன. அவற்றின் படிவத்தில் இவர்களுக்குக் கட்டம் இல்லை.

2022 ஆகஸ்டில், தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லி அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல முடிவு. ஊருக்கெல்லாம் பறையடித்துச் செய்தி சொன்னவரின் வீடு பெரும்பாலும் பள்ளத்தில்தான் இருந்தது. இப்போது அந்த வேலை ஒலிபெருக்கி வாகனத்துக்கு வந்திருக்கிறது. அது தார்ச்சாலையோடு போய்விட்டால் சேரிக்கு யார் சொல்வது? முன்பாவது சொல்கிறவர் சேரிக்காரர்.

ஆணையக் கூட்டத்தில் எத்தனை துறைகள் உட்கார்ந்தாலும், கிராம நிர்வாக அலுவலரின் தொலைபேசிப் பட்டியலில் காலனியைச் சேர்ந்த இருவர் எண்ணாவது இருக்க வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அக்டோபர் 2 கிராம சபை பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. அங்கே கேளுங்கள்: அணை திறந்தால் எங்களுக்குச் சொல்வது யார்? முகாம் எந்தப் பள்ளியில்? அங்கே போகிற வழியில் ஓடை குறுக்கிடுகிறதா? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அதைக் காலனியின் குடிநீர்த் தொட்டிச் சுவரில் பெரிதாக எழுதிவைக்க ஒரு டப்பா பெயின்ட் போதும்.