மூன்று மில்லிமீட்டர் கண்ணாடியும் ஆலங்கட்டியும்

2017 மே 8 அன்று அமெரிக்காவின் டென்வர் வட்டாரத்தில் ஆலங்கட்டி மழை வெளுத்து வாங்கியது. கார் கண்ணாடிகள் நொறுங்கின, கூரைகள் பிய்ந்தன. அருகிலுள்ள கோல்டன் ஊரில், அப்போது தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் என்று அழைக்கப்பட்ட ஆய்வகம் இருக்கிறது. அதன் ஒரு கட்டடக் கூரையில் மூவாயிரத்துக்கும் மேல் சோலார் பேனல்கள். மழை விட்டதும் பார்த்தால், உடைந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்.

பேனலின் மேல்கண்ணாடி பெரும்பாலும் 3.2 மி.மீ. கனம். அதைப் பலப்படுத்துவது வெப்பப் பதம். அறுநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் குளிர்காற்றைப் பீய்ச்சுகிறார்கள். மேற்பரப்பு சட்டென்று இறுகிவிடும். உட்புறம் பிறகு ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பையும் உள்ளே இழுக்கும். அந்த அழுத்தத்தில் மேற்பரப்பின் நுண்கீறல்கள் மூடியே கிடக்கின்றன. அவற்றைத் திறக்கும் அளவுக்குப் பலமான அடி விழுந்தால்தான் கண்ணாடி விரிசல் விடும்.

விற்பனைக்கு வரும் பேனல் ரகங்களுக்கு, ஆலங்கட்டியைத் தாங்குமா என்று பார்க்கச் சோதனை உண்டு. விரிசலில்லாத ஐஸ் உருண்டையை உறையவைத்து, காற்றுத் துப்பாக்கியால் பேனலின் மூலை, விளிம்பு, நடு எனப் பதினோரு இடங்களில் சுடுவார்கள். வழக்கமான உருண்டை 25 மி.மீ. குறுக்களவு, ஏழரை கிராம் எடை. வேகம் வினாடிக்கு 23 மீட்டர்.

சிக்கல் இந்த 25-இல்தான். ஆலங்கட்டியின் குறுக்களவு இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். விழும் வேகமும் சுமார் 1.4 மடங்காகும். மோதும் ஆற்றலோ பதினாறு மடங்கு! எனவே 'சோதனையில் தேறியது' என்று கடைக்காரர் சொன்னால், எத்தனை மில்லிமீட்டரில் என்று கேளுங்கள். 2019-இல் டெக்சாஸின் மிட்வே சோலார் பண்ணையில் ஆலங்கட்டியால் சேதமான பேனல்கள் சுமார் நான்கு லட்சம். இருபுறமும் 2 மி.மீ. கண்ணாடி வைத்த புது ரகங்கள் கனமாக இருக்கும். ஆனால் அவ்வளவு மெல்லிய கண்ணாடியை முழுமையாகப் பதப்படுத்துவது கடினம். எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

செலவில்லாத காப்பு, சாய்வு. செங்குத்தாக விழும் கட்டி 60 டிகிரி சாய்ந்த பேனலில் பட்டால், நேராகத் தாக்கும் ஆற்றல் கால்பங்குதான். மீதி வழுக்கிப் போகும். பெரிய பண்ணைகளில் புயல் எச்சரிக்கை வந்ததும் மோட்டாரால் பேனல்களை நிமிர்த்துகிறார்கள். வீட்டுக் கூரையில் அது நடக்காது. பொருத்தும்போதே யோசிக்க வேண்டும். கம்பி வலை விரிக்கலாமே என்பார்கள். என்றோ ஒருநாள் வரும் மழைக்காகத் தினமும் நிழலைக் கட்டி அழுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கண்ணாடி தப்பினாலும் உள்ளே இருக்கும் சிலிக்கான் செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வழி அழகானது. இருட்டில் பேனலுக்குள் மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். ஒளியை மின்சாரமாக்கும் செல், இப்போது மின்சாரத்தை ஒளியாக்குகிறது! அகச்சிவப்பு ஒளி என்பதால் நமக்குத் தெரியாது. அதற்கான கேமராவில் செல்கள் பளிச்சென்று தெரியும். விரிசலால் மின்தொடர்பு அறுந்த பகுதி மட்டும் கரிய திட்டாக நிற்கும்.

சந்தேகம் இருந்தால் இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தியை மழைக்கு முந்தைய வெயில் நாட்களோடு ஒப்பிடுங்கள். பேனல்கள் நன்றாக இருக்கும்போது எடுத்த படங்கள் காப்பீட்டுக்கு உதவும். கண்ணாடி உடைந்த பேனலில் கைவைக்காதீர்கள். வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை அதில் மின்னழுத்தம் இருக்கும், ஈரமும் சேர்ந்தால் ஆபத்து. ஆளை வரவழைத்துக் கழற்றச் சொல்லுங்கள்.