லிட்மஸ் தாள் பதில் சொல்லாத ஆக்சைடுகள்

மூன்றாம் தொடரில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது ஆக்சைடுகளின் காரத்தன்மை குறைந்து அமிலத்தன்மை கூடுகிறது. பத்தாம் வகுப்பு மாணவர்கள் இந்த வரியைத் தடுமாறாமல் ஒப்பித்துவிடுவார்கள். சிக்கல் தொடரின் நடுவில்தான் வருகிறது.

மெக்னீசியம் நாடாவை எரித்துக் கிடைக்கும் வெண்பொடியை நீரில் கலக்கினால் சிவப்பு லிட்மஸ் நீலமாகும். கந்தகம் எரியும் புகையை நீரில் கரைத்தால் நீல லிட்மஸ் சிவக்கும். (இதை மூடிய வகுப்பறையில் செய்ய வேண்டாம். இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் புகை ஆகாது.) அலுமினியம் ஆக்சைடும் மணலும் நீரில் கரையாதவை. தாள் நிறம் மாறாததைப் பார்த்து மாணவர் ‘நடுநிலை’ என்று எழுதிவிடுகிறார். நீரில் கரையாத ஆக்சைடின் இயல்பை அறிய அதனுடன் அமிலத்தையும் காரத்தையும் தனித்தனியே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேட்டூரில் 1965 முதல் பல ஆண்டுகள் அலுமினியம் தயாரித்த மெட்ராஸ் அலுமினியம் ஆலையில் நடந்ததும் இதுதான். ஏற்காடு மலையிலிருந்து வந்த பாக்சைட்டைச் சூடான, அடர்ந்த எரிசோடாக் கரைசலில் அழுத்தத்தில் வேகவைப்பார்கள். அலுமினியம் ஆக்சைடு ஈரியல்பு உடையது என்பதால் காரத்தில் கரைந்துவிடும். இரும்பு ஆக்சைடு கரையாமல் செஞ்சேறாகத் தங்கும். தாதுவில் உள்ள சிலிக்காவும் அமிலத்தன்மை உடையதால் எரிசோடாவுடன் வினைபுரியும். பின் கொஞ்சம் அலுமினாவையும் சேர்த்துக்கொண்டு வீழ்படிவாகும். சிலிக்கா மிகுந்த தாதுவை ஆலைகள் விரும்பாததற்கு இந்த இரட்டை இழப்பே காரணம். நம் ஆய்வகத்திலும் இதற்குச் சான்று உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு குப்பிக்குக் கண்ணாடி மூடி போட்டால் அது இறுகிக்கொள்ளும்.

காரணத்தை எலக்ட்ரான் கவர்தன்மையிலிருந்து விளக்கலாம். ஆக்சிஜனுக்கு 3.44, சோடியத்துக்கு 0.93. வேறுபாடு பெரிது. எனவே சோடியம் ஆக்சைடில் ஆக்சிஜன் ஏறத்தாழ முழு அயனியாகவே இருக்கிறது; நீரிலிருந்து புரோட்டானைப் பறித்து ஹைட்ராக்சைடு தருகிறது. குளோரினுக்கு 3.16. அங்கே பிணைப்பு சகப்பிணைப்பு. அந்த ஆக்சைடு நீருடன் சேர்ந்து தரும் மூலக்கூறில் மைய அணு எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுப்பதால் ஹைட்ரஜன் எளிதில் பிரிகிறது. அலுமினியம் (1.61) இரண்டுக்கும் இடையில் நிற்கிறது.

தீக்குச்சியைக் கிழித்து அந்தப் புகையைப் பாஸ்பரஸ் ஆக்சைடுக்குச் சான்றாகக் காட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. குச்சி மருந்தில் கந்தகமும் உண்டு, ஆகவே அது சான்றாகாது.

ஈரியல்பைக் காட்டப் படிகாரம் போதும். ஐயப்பன்தாங்கலில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஒரு சோதனைக் குழாயில் படிகாரக் கரைசல், இன்னொன்றில் மெக்னீசியம் சல்பேட் கரைசல். இரண்டிலும் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெண்மையான வீழ்படிவு வரும். இவை ஹைட்ராக்சைடுகள்தான் என்றாலும் ஆக்சைடின் இயல்பையே காட்டுபவை. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் இரண்டுமே கரையும். மறு பங்கில் மேலும் காரம் சேர்த்தால் படிகாரக் குழாய் மட்டும் தெளியும்; மெக்னீசியம் குழாய் கலங்கலாகவே இருக்கும். காரத்தை மாணவர் கையில் தராமல் ஆசிரியரே சொட்டுவது நல்லது.