மாஸ்ரர், ஒரு கடிதம் எழுதித் தாங்கோ

1994 ஆகஸ்ட் தேர்தலுக்குப் பிறகு சந்திரிகா குமாரதுங்கவும் பிரபாகரனும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை இன்று யாரும் வாசிக்கலாம். அன்ரன் பாலசிங்கம் 2000ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தில் அவை இருக்கின்றன. அந்தக் கடிதங்களைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது சர்வதேச செஞ்சிலுவைக் குழு. எங்கள் பச்சிலைப்பள்ளிச் சனங்களின் கடிதங்களைக் காவியதும் அதே குழுதான். அவற்றை எந்தப் புத்தகத்திலும் காணமுடியாது. பலருடையவை கிடுகுக் கூரையோடு எரிந்தன, சிலருடையவை முள்ளிவாய்க்கால் மணலுக்குள் போயின.

நான் பச்சிலைப்பள்ளியில் உள்ள பளையில் படிப்பித்தவன். 1996இல் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தபோது, கையெழுத்து விளங்கும் என்ற ஒரே காரணத்துக்காகப் பின்னேரங்களில் ஆட்கள் தேடி வருவார்கள். "மாஸ்ரர், ஒரு செஞ்சிலுவைக் கடிதம் எழுதித் தாங்கோ." அது ஒரு படிவம். அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், முகவரி, இரண்டு பேருக்கும் என்ன உறவு என்ற விபரம், அதன்பிறகு எழுதக் கொஞ்ச இடம். உறை ஒட்டக்கூடாது. குடும்பச் செய்தி மட்டும்தான் எழுதலாம். சண்டை, அரசியல், ஆமி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் கூடாது. வழியில் யாரும் பிரித்து வாசிப்பார்கள் என்று தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சனத்துக்கு 25 சொல்தான் கிடைத்தது. எங்களுக்கு அதைவிடப் பரவாயில்லை.

புலோப்பளையில் இருந்து வந்த ஒரு அம்மா. மகள் யாழ்ப்பாணத்தில். சுகமோ, பேரன் நடக்கிறானோ என்று எழுதி முடித்துப் படிவத்தை மடிக்கப் போனேன். "நில்லுங்கோ. கிணத்தடித் தென்னை மூண்டும் நிக்குதோ எண்டு கேளுங்கோ" என்றா. எழுதினேன். மாதக்கணக்காகி வந்த பதிலில், தென்னை இரண்டு நிற்கிறது, மற்றதுக்குத் தலை இல்லை என்று இருந்தது. அந்த மனுசி கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்துவிட்டு, "அப்ப குசினிப் பக்கம் விழுந்திருக்கு" என்று சொன்னா. பளைக் காணிக்காரருக்குத் தென்னை குடும்பம்தானே. படிவத்தை வாசித்த எவருக்கும் அதில் ஒரு குற்றமும் தெரிந்திராது.

தலைவர்களின் கடிதங்கள் வேறு விதம். எதிராளிக்கு என்று முகவரி இருந்தாலும், நாளைக்குப் பத்திரிகையில் வரும், ஊரும் உலகமும் வாசிக்கும் என்ற நினைப்போடு எழுதியவை. வாசித்தால் ஒரு பக்கம் நியாயம், மறுபக்கம் அதற்கு மேலான நியாயம். எனக்கு அவற்றின் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய மதிப்பு இல்லை. ஆனால் பேசப்பட்ட விடயங்கள் எங்கள் வயிற்றையும் காலையும் தொட்டவை: எரிபொருள் தடை, பற்றரித் தடை, மீன்பிடிக் கட்டுப்பாடு, பூநகரி முகாம்.

பூநகரி முகாம் ஏன் அவ்வளவு பெரிய வழக்கானது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். ஆனையிறவு இராணுவத்திடம். பூநகரி, சங்குப்பிட்டிப் பாதையும் இராணுவத்திடம். குடாநாட்டில் இருந்து வெளியே போக மிஞ்சியது பளைக்கு அருகே உள்ள கிளாலிக் கடலேரி மட்டும். இரவில், விளக்கில்லாமல், படகுகளைத் தொடுத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். 1993 ஜனவரி 2ஆம் திகதி அப்படிப் போன சனங்களைக் கடற்படை சுட்டது. கடிதத்தில் ஒரு வரியில் 'பாதை திறப்பு' என்று வந்தது, கிளாலிக் கரையில் பெட்டியும் பிள்ளையுமாக இருட்டும்வரை காத்திருந்தவர்களின் விடயம்.

1995 ஜனவரி 8ஆம் திகதி போர் ஓய்வு தொடங்கியது. விலகுவதானால் 72 மணித்தியாலம் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று உடன்பாட்டில் இருந்தது. ஏப்ரல் 18இல் புலிகள் விலகல் கடிதம் அனுப்பினார்கள். 19 அதிகாலை திருகோணமலைத் துறைமுகத்தில் இரண்டு கடற்படைக் கப்பல்கள் தகர்ந்தன. காலக்கெடுவை முன்னமே அறிவித்துவிட்டோம் என்பது புலிகளின் வாதம். 72 மணித்தியாலம் எங்கே என்பது அரசின் கேள்வி. ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது.

அரசாங்கக் கடிதத்துக்கு ஆயுள் கெட்டி. 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு கடிதங்களும் மாற்றிக்கொண்டார்கள். திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளை இரண்டு நாடும் சேர்ந்து நடத்துவது அதில் ஒரு விடயம். ஒப்பந்தத்தில் தமிழருக்குச் சொன்னது பாதி வழியில் நிற்க, எண்ணெய்த் தாங்கிகளுக்கு 2022 ஜனவரியில் புது உடன்படிக்கை வந்துவிட்டது!

சனங்களின் கடிதத்துக்கு அப்படி ஆயுள் இல்லை என்று நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு அம்மாவின் மடியிலும் ஒரு பிளாஸ்ரிக் கோவை. பிள்ளையின் படம், அடையாள அட்டைப் பிரதி, ஜனாதிபதிக்கும் ஐ.நா.வுக்கும் எழுதிய மனுக்களின் பிரதி. சிலருடைய கோவையில் பழைய செஞ்சிலுவைப் படிவமும் இருந்தது. பிள்ளையின் கையெழுத்து, பெயர், திகதி. இன்ன நாளில் இன்ன இடத்தில் உயிரோடு இருந்தான் என்று சொல்ல அதைவிட என்ன சாட்சி வேண்டும்? முதலாம் உலகப் போரின் கைதிகளைப் பற்றி ஜெனீவாவில் செஞ்சிலுவைக் குழு சேர்த்துவைத்த அட்டைகளையும் பதிவேடுகளையும் யுனெஸ்கோ 2007இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவையும் இப்படிச் சின்னச் சின்னக் காகிதங்கள்தான்.

ஆகையால் வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பளையிலோ, வவுனியாவிலோ, ரொறன்ரோவிலோ, உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் அந்தக் காலத்துக் கடிதம் இருந்தால் எறியாதீர்கள். லமினேற் பண்ணவும் வேண்டாம். பிறகு காகிதத்தைப் பிரித்தெடுக்க முடியாது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் ஃபோனில் படம் எடுங்கள். எழுதியவர் யார், யாருக்கு, எந்த ஊரில் இருந்து என்பதை வீட்டில் வயதானவர்களிடம் கேட்டுத் தனிக் கொப்பியில் குறித்துவையுங்கள். வெளியில் கொடுக்க மனம் இருந்தால், ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்துடன் பேசுங்கள். மனம் இல்லாவிட்டால் பிரதி ஒன்றைப் பிள்ளைகளிடமாவது கொடுத்துவையுங்கள். கேட்டுக் குறிக்கும் வேலையை இந்த விடுமுறைக்கே செய்யுங்கள். சொல்லக்கூடிய கிழவிகள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.